பத்தாவது பெயர்

ஜனவரி 8, வியாழன்

பசை வந்துவிட்டது, வண்ணம் வந்துவிட்டது, தின்பண்டம் என் தோழி க்ளெனிஸ் பொறுப்பு. பள்ளி விட்டதும் நூலகத்துக் கீழ்த்தளத்தில் குட்டிப் பிள்ளைகளுக்கு இலவசக் கைவினை வகுப்பு. பதிவானது ஒன்பது பேர். பத்து இருந்தால்தான் பள்ளி பஸ் இங்கே நிற்குமாம். அடுத்த வாரம் சோதனைக்கு நிற்கும்; அந்த வெள்ளிக்குள் பத்தாவது பெயர் வராவிட்டால் அவ்வளவுதான். பள்ளியிலிருந்து எட்டு கிலோமீட்டர், குளிர் மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. நடந்தா வருவார்கள்?

இன்றும் ஒரு அம்மா கேட்டாள்: "சும்மாவா? அப்புறம் எங்க தலையில என்ன கட்டப் போறீங்க?" முப்பது வருஷம் இதே ஊரில் டீச்சராக இருந்த எனக்கே இந்தக் கதி.

ஜனவரி 12, திங்கள்

பஸ் நின்றது! ஓட்டுநர் ஓர்வில் கதவைத் திறந்ததுமே மிரட்டினான். "லோர்னா, பெரியவங்க யாரும் வாசல்ல நிக்கலேன்னா ஒரு குட்டியையும் இறக்க மாட்டேன், பாத்துக்க." நின்றேன். மூக்கு மரத்துவிட்டது. ஒன்பது பேரும் போட்ட கூச்சலில் மனசு நிறைந்துவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

பத்தாவது இல்லை.

ஜனவரி 15, வியாழன்

இன்று ஒன்பது பேர் இறங்கினார்கள். தலை முதல் கால் வரை பனி உடுப்பு, தொப்பி, மப்ளர். கண் மட்டும்தான் தெரியும். எண்ணினேன், சரியாக இருந்தது. உள்ளே வந்து ஒவ்வொருவராக உரித்தால், ப்ரின் இல்லை! அவள் இடத்தில் யாரோ ஒரு பையன்.

"நீ யாருடா செல்லம்?"

"டோபின்."

பட்டியலில் டோபினே கிடையாது. ப்ரினுக்குக் காய்ச்சலாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. இவன் கூட்டத்தோடு இறங்கியிருக்கிறான். நான் நிற்பதைப் பார்த்து ஓர்வில் விட்டுவிட்டான். உடனே பள்ளிக்கு போன் செய்தேன். அதற்குள் அவன் அம்மா ஷானா, தன் நிறுத்தத்தில் பிள்ளை இல்லாத பஸ்ஸைப் பார்த்திருக்கிறாள். ஐயோ, அந்த நிமிஷம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பள்ளியில் விவரம் கேட்டு, கால் மணியில் வந்து நின்றாள். "யாரக் கேட்டு எம்புள்ளய இறக்குனீங்க?"

"யாரையும் கேக்கலம்மா. முகத்தப் பாக்காம விட்டது என் தப்புதான்."

டோபின் திரும்பக்கூட இல்லை. முட்டை அட்டையில் டைனோசர் செய்துகொண்டிருந்தான். "அம்மா, கத்தாத. வாலு இன்னும் காயல."

க்ளெனிஸ் ஒரு குட்டி நாற்காலியைத் தள்ளினாள். ஷானா பூட்ஸோடு உட்கார்ந்தாள். வால் காய்ந்ததும் அவனைக் கூட்டிப் போனாள். புகார் கொடுப்பாள். கொடுக்கத்தானே வேண்டும்? பத்தாவது பெயரை விடு, வகுப்பையே மூடிவிடுவார்கள். எண்ணத் தெரிந்தவளுக்குப் பார்க்கத் தெரியவில்லையே!

ஜனவரி 16, வெள்ளி

காலை ஏழரைக்கு ஷானாவின் போன். "நைட்டு பூரா அந்த வாலப் பத்தியே பேசறான். எனக்கு இன்னும் கோவம் போகல, லோர்னா. அவனச் சேக்கற ஃபாரம் எங்க இருக்கு?"

போனை வைத்துவிட்டு, "பத்து!" என்று கத்தினேன். பூனை கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

பதினேழு பேர். பஸ் படியிலேயே ஒவ்வொரு மப்ளரையும் கீழே இழுத்து, முகம் பார்த்து, பெயர் கேட்டு இறக்குகிறேன். ஆறு நிமிஷம் ஆகிறது. ஓர்வில் ஹார்ன் அடிக்கிறான். "இன்னிக்கு யாரத் திருடப் போற?"

அடித்துக்கொள்ளட்டும். பஸ் நிற்கிறதே!