தோமா நாளை மட்டும் நீ மாற்றவில்லை

அன்பு மகள் நெவெனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்க வேண்டும், உன் இருமல் விட்டிருக்க வேண்டும். இங்கே நான் சுகம், பசு சுகம், உன் பெரியப்பா மிலுதினும் சுகமாகத்தான் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போக மனம் வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். அவர் இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம், கொஞ்ச நாளாக அவர் வீட்டு டி.வி. சத்தமே இல்லை, அதனால் நான் பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகக் கேட்கும். இதை நானே டவுனுக்கு எடுத்துப்போய்த் தபாலில் போடுவேன்.

டவுன் நூலகத்தில் பெண்கள் நாங்கள் கூடிப் படிப்பது உனக்குத் தெரியும். நூலகர் ரூஷிட்சா இந்தக் கோடையில் குடும்பக் கதைகளாகவே எடுத்துக் கொடுத்தாள், மூன்றும் புது நாவல்கள். முதலாவது பெல்கிரேடுக்காரர் ஒருவர் எழுதியது, தலையணை கனம், நாலு தலைமுறை. தாத்தா போருக்குப் போகிறார், மகன் போருக்குப் போகிறான், பேரனும் போகிறான், ஆனால் அந்த வீட்டில் ஒருத்தர்கூட ஒரு தடவையாவது பாத்திரம் கழுவவில்லை. அழுகிறவர்கள் எல்லாரும் ஜன்னல் ஓரம் போய் நின்றுதான் அழுகிறார்கள். உன் அப்பாவுக்காக நான் அழுதது தொழுவத்தில், பால் கறந்துகொண்டே. பரிசு கொடுத்திருக்கிறார்களாம், கொடுத்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது மெலிசான புத்தகம், ஒரே ஃப்ளாட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிற ஒரு அம்மாவும் மகளும். கோபம் வந்தால் அந்த அம்மா குடைமிளகாயில் விதையைச் சரியாக எடுக்காமலே அரிசியும் கறியும் திணித்து மகள் தட்டில் வைப்பாள். அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், எழுதியவள் அடுப்படியில் நின்றவள்தான். ஆனால் கடைசியில் இரண்டு பேரும் ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ரூஷிட்சா மூக்கைச் சிந்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை, "அத்தனை நாள் பேசாதவ வந்ததும் கட்டியா பிடிப்பா? சாப்டியான்னுதான் முதல்ல கேப்பா" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குக் காபி ஆறிப்போய்த்தான் வந்தது.

மூன்றாவது புத்தகத்தின் அட்டையில் யாரும் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயர். ஆற்றங்கரை ஊர், ஒரே முற்றத்தில் இரண்டு சகோதரர்கள், தம்பி தன் பாதித் தோட்டத்தைப் பிரித்துக் கேட்கிறான். ஒரு நாள் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து தம்பி சாகிறான். அவனுடைய ஏழு வயது மகள் பிளம் மரத்தின் மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறாள். பிரேக் பிடிக்குமா என்று தம்பி கேட்டதையும், நேற்றே சரி செய்துவிட்டேன், ஏறு என்று அண்ணன் பொய் சொன்னதையும் கேட்கிறாள். டிராக்டர் உருண்ட பிறகு அண்ணன் உடனே ஓடவில்லை, சிகரெட் சுருட்டி, பற்றவைத்து, பாதி இழுத்த பிறகுதான் ஐயோ என்று கத்தினான் என்று எழுதியிருக்கிறாள். மூன்றிலும் இதுதான் நல்ல புத்தகம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கேயும் ஜன்னல் ஓர அழுகை இல்லை.

எழுதியது நீதான் என்று எப்படித் தெரிந்தது என்பாய். டிராக்டர் கவிழ்ந்து போனவர் உன் அப்பா ஒருத்தர் மட்டுமில்லை, அதை வைத்துச் சொல்லவில்லை. ஊரை மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறக்கிவிட்டாய், நம் நீலக் கதவுக்குப் பச்சை அடித்தாய், பெரியப்பாவுக்குத் தாடி வைத்தாய், என்னைக் கொஞ்சம் உயரமாக்கினாய், அதற்கு நன்றி. ஆனால் தலைமுறை தலைமுறையாக வருகிற வீட்டுப் புனிதரை மட்டும் உன்னால் மாற்ற முடியவில்லை, அந்த வீட்டிலும் தோமா நாளுக்குத்தான் ரொட்டி வெட்டி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இந்த மலையில் மற்ற வீடுகளுக்கெல்லாம் நிக்கோலாதான், தோமா நம் ஒரு வீட்டுக்குத்தான். உன்னைத் திட்டமாட்டேன். பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம், சொந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுப் புனிதரை எழுதி வைக்க நம் ஆட்கள் யாருக்குக் கை வரும்? எனக்கும் வந்திருக்காது. ஆனால் ரூஷிட்சா எல்லார் முன்னாலும், "விதோசாவா, தோமாவக் கும்பிடறது உங்க வீடு ஒண்ணுதானே?" என்று கேட்டுவிட்டாள். பெண்கள் காபியோடு கொடுத்த ஜாம் கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் வீடு வந்து சேருவதற்குள் பேச்சு மலையேறி வந்துவிட்டது.

அடுத்த வாரமே உன் பெரியப்பா நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தார். டிராக்டரோடு கொடுத்த குறிப்பைக்கூட முழுசாகப் படிக்காத மனுஷன். நான் முற்றத்தில் பிளம் ஜாம் கிண்டிக்கொண்டிருப்பேன், அவர் எதிரே விறகுக்கட்டையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படிப்பார். சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. நான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நாவல்தானே, எழுதுகிறவர்களுக்கு ஒருத்தரும் தானாகச் சாகக் கூடாது, யாராவது கொன்றாக வேண்டும். என் மகள் அப்பா இல்லாமல் வளர்ந்தவள், அந்த ஏக்கத்தில் இப்படி ஒரு கதை கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். கிண்டக் கிண்ட அதையேதான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து புத்தகத்தை என் மேசையில் வைத்தார். காபி கொடுத்தேன். நூலகத்தில் கேட்கிற மாதிரியே, புத்தகம் எப்படி என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது. அவர் நிதானமாகச் சொன்னார், "நல்லாத்தான் எழுதியிருக்கா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவ மரத்து மேல இருந்தது மட்டும் எனக்குத் தெரியாமப் போச்சு." சொல்லிவிட்டு மீதிக் காபியைக் குடித்தார். வாசலுக்குப் போனவர் திரும்பி, "தோமா நாளுக்குப் பொண்ணு வருதுல்ல? வரச் சொல்லு. பெரியப்பா ஆசையாக் கேட்டேன்னு சொல்லு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் உன்னை விசாரித்தது இதுதான் முதல் தடவை.

நெவெனா, எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தைவிட வயிறு எரிகிறது. அந்த மனுஷனுக்கு எத்தனை பண்டிகைக்கு நான் சூப் ஊற்றியிருக்கிறேன். நீ அத்தனை சின்ன வயதில் இதை உள்ளே வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாய், எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே கண்ணே. நீ இந்த வருஷம் வராதே. டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன், சரி என்று தலையாட்டினார், நம்பினாரா தெரியாது. என்னையும் கிளம்பி வரச் சொல்லாதே. உன் அப்பா எந்தப் பாதியைக் கேட்டுச் செத்தாரோ அதில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன், நான் எழுந்தால் உன் பெரியப்பா நினைத்தது நடந்துவிடும். போலீசுக்குப் போகலாம், ஆனால் நாவலையா நீட்டுவது? பார்த்தவள் நீ, நான் படித்தவள்தான். தோமா நாளன்று பயமில்லை, பாதிரியார் வருவார், அழைக்காமலே ஊர் முழுக்க வந்து நிற்கும். அதற்கு மறுநாள்தான் இந்த முற்றத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

கடவுளின் தாயும் தூய தோமாவும் உன்னையும் மருமகனையும் காக்கட்டும், உன் கைக்கு எழுத்து குறையாமல் இருக்கட்டும். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. இன்னொன்று, இதை மட்டும் மறக்காதே. தோமா நாளுக்கு மறுநாள் காலையில் நூலகத்துப் போனிலிருந்து உன்னைக் கூப்பிடுவேன். மத்தியானம் வரை என் குரல் வரவில்லை என்றால் போலீசில் எல்லாவற்றையும் சொல், உன் சொந்தப் பெயரில்.

உன் அம்மா,
விதோசாவா