ஸ்கேல் போடணும்

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும் இந்தக் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததுமே தெரிந்திருக்கும். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். கடிதத்தில் அப்படிச் சொல்ல முடியாது பார், அதனால்தான் இது.

நான் ஒரு கிட்டார் வாங்கியிருக்கிறேன். பழையது, முதுகில் நீளமாக ஒரு கீறல். ஐம்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று உன் அம்மா கேட்டாள். வாசித்துக் காட்டினேன். "இது கிட்டார்தானா, கடைக்காரன் சொன்னானா?" என்று கேள்வியை மாற்றிக்கொண்டாள்.

வாசிப்பது வேலையில்தான். எங்கள் பம்ப் நிலையத்தின் பெருமை உனக்குத் தெரியும். நகரம் முழுக்கக் கழித்ததெல்லாம் எங்கள் தொட்டிக்கு வந்து சேரும், நாங்கள் அதை மேலே தள்ளிவிடுவோம். தொட்டி நிரம்பப் பன்னிரண்டு நிமிடம். நிரம்பியதும் மணி அடிக்கும். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு, கம்பி வலையில் சிக்கிய துணி, முடி, இன்னும் கடிதத்தில் எழுதக் கூடாததையெல்லாம் வாரிப் போடுவேன். மறுபடி பன்னிரண்டு நிமிடம். அதில் மூன்று நிமிடம் கை கழுவவே போய்விடுகிறது. மூன்று தடவை சோப்புப் போட்டும் ஆறாவது கம்பியில் அந்த வாடை ஏறிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோனால் உன் அம்மா அதைப் பால்கனியில் வைக்கச் சொல்கிறாள். என்னையும் சேர்த்துத்தான்.

ஆக, கையில் இருப்பது ஒன்பது நிமிடம். அதற்குள் ஸ்கேல் பழகுவது எப்படி? இசைப்பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லித் தருகிறாய், பெற்றவனுக்கும் இரண்டு வரி எழுது.

உன் மகள் வாலு அங்கே கிட்டார் ஆரம்பித்துவிட்டாளாமே. எட்டு வயதில் என்ன வேகம். பள்ளி விடுமுறைக்கு அவளை ஒரு மாதம் இங்கே அனுப்பு. அவள் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் பழகுவேன். இத்தனை கூத்தும் அதற்குத்தான்.

பதில் போடுவாய் என்று தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா

*

மார்ச் 12

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில்.

ஒன்பது நிமிடம் போதும். எல்லா ஸ்கேலையும் தொடாதீர்கள். வாரத்துக்கு ஒன்று. முதலில் ஸி மேஜர், கையை இடம் மாற்றாமல். தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து மிக மெதுவாக, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். கம்பி மீட்டும் பிக் கீழே ஒன்று, மேலே ஒன்று. விரலைக் கம்பியிலிருந்து அதிகம் தூக்க வேண்டாம்.

தப்பு வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அதனால் ஆரம்பம் மட்டும் அழகாக வரும். தப்பு வந்த இடத்து இரண்டு ஸ்வரத்தை மட்டும் எடுத்துப் பத்துத் தடவை வாசியுங்கள். வேகம் கடைசி ஒரு நிமிடம் போதும். தப்பாகப் பழகினால் கை தப்பைத்தான் கற்றுக்கொள்ளும். பிறகு அதை எடுப்பது கஷ்டம்.

ஒரு நாளும் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட தினமும் ஒன்பது நிமிடம் மேல்.

வாலுவை அனுப்புவது பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

மகள்

*

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மீட்டர் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். நீ சொன்னபடியே செய்கிறேன். மூன்று விரலும் பரவாயில்லை. சுண்டுவிரல் மட்டும் என்னை மாதிரியே அரசாங்க உத்தியோகம் பார்க்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை ஊரே குளிப்பதால் தொட்டி நாலே நிமிடத்தில் நிரம்பிவிடுகிறது. ஊர் சுத்தமாகும் நேரத்தில் எனக்குப் பயிற்சி கிடையாது.

போன வாரம் ஒரு அசிங்கம் நடந்தது. அந்த இரண்டு ஸ்வரத்தைப் பத்துத் தடவை வாசித்துக்கொண்டிருந்தேனா, மணி அடித்தது காதில் விழவில்லை. தொட்டி பொங்கி வழிந்து, கீழே குனிந்து வால்வைத் திருகிக்கொண்டிருந்த என் கூட்டாளி மீசையின் முழங்கால் வரை வந்துவிட்டது. என்னோடு இருபது வருடமாக வேலை செய்கிறவன், அவன் வாயில் அத்தனை வார்த்தை இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். குழாயடியில் அவன் காலைத் தேய்த்துவிட்டேன். இரண்டு பேருக்குமே குமட்டிக்கொண்டு வந்தது.

அவனைச் சமாதானப்படுத்த நம் ஸ்கேல் கதையை எடுத்துவிட்டேன். "பொண்ணு வீட்ல தினமும் அரை மணி ஸ்கேல் போடணும், ஸ்கேல் போடாம விரல் வழிக்கு வராது"ன்னு உன் பழைய கிட்டார் வாத்தியார் சொல்ல, எட்டாவது வரை படித்த மேதாவி நான் நேராகக் கடைக்குப் போய் ஒரு அடி மர ஸ்கேல் வாங்கி வந்தேனே, அந்தக் கதை. நீ தப்பாக வாசிக்கும்போதெல்லாம் விரலில் ஒன்று போட்டேன். பிறகு வாத்தியாரிடம் போய், "சார், நீங்க சொன்னபடியே டெய்லி அரை மணி போட்டுட்டு வர்றேன் சார், விரல் நல்லா வழிக்கு வருது" என்று மர ஸ்கேலைத் தூக்கிக் காட்டி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன் பார், மனுஷன் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழாத குறை. ஸ்கேல் என்றால் சரிகமபதநி மாதிரி என்று அன்றைக்குத்தான் இந்த மண்டையில் ஏறியது. இதைக் கேட்டுச் சிரித்ததில் மீசை தன் கால் நாறியதையே மறந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வாலு போன் செய்தபோது அவளுக்கும் சொன்னேன். "தாத்தா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று மூன்று தடவை சொல்ல வைத்தாள். பிள்ளைக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

எப்போது அனுப்புகிறாய் என்று எழுது. அம்மா கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிவிட்டாள்.

சுண்டுவிரலோடு மல்லுக்கு நிற்கும்
உன் அப்பா

*

ஏப்ரல் 11

அப்பாவுக்கு,

ஞாயிறன்று உங்களோடு பேசி முடித்ததும் வாலு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அம்மா, கைய நீட்டு, ஸ்கேல் போடறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்தக் கதையை என் கல்யாணத்தில் சொன்னீர்கள். என் கணவரின் அலுவலக நண்பர்களிடம் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் கதையில் வாத்தியார் சிரிப்பார், நீங்கள் சிரிப்பீர்கள், கதை முடிந்துவிடும்.

நீங்கள் வாத்தியாரைப் பார்த்தது நான் சேர்ந்த மூன்றாவது வாரம். எனக்குப் பத்து வயது. ஸ்கேல் என்றால் என்னவென்று அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே இடத்தில், என் இடப்பக்கம், உட்கார்ந்தீர்கள். அதே மர ஸ்கேல். ஆறரையிலிருந்து ஏழு வரை. பதினான்கு வயதில் நான் கிட்டாரை விடும்வரை அடித்தீர்கள். தெரியாமல் அடித்தது மூன்று வாரம். தெரிந்தே அடித்தது நாலு வருடம். நீங்கள் ஊரெல்லாம் சொல்வது அந்த மூன்று வாரத்தை மட்டும்.

"நான் அடிச்சதாலதான் இன்னிக்கு டீச்சர்" என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வயதில், முதல் சம்பளத்தில், வேறொருவரிடம் போய் மறுபடி முதலிலிருந்து கற்றேன். இன்றைக்கும் என் இடப்பக்கம் யாராவது நின்றால் என்னால் வாசிக்க முடியாது. வகுப்பில் சுவரை ஒட்டித்தான் உட்காருகிறேன். பிள்ளைகள் அது என் பழக்கம் என்று நினைக்கிறார்கள்.

நீங்கள் அடித்ததைவிட, அதை வைத்து மற்றவர்களைச் சிரிக்க வைப்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இப்போது என் மகளையும் சிரிக்க வைத்துவிட்டீர்கள்.

வாலுவை அனுப்ப மாட்டேன்.

மகள்

*

ஏப்ரல் 29

அன்பு மகளுக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் முதல் பக்கத்திலேயே ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் வந்தால் அடித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இவ ரொம்பப் பெருசு பண்றா, இல்ல?" என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க அந்தக் கதைய ஆரம்பிச்சா நான் எழுந்து சமையலறைக்குப் போயிடுவேன். இத்தனை வருஷத்துல கவனிச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"அப்பவும் அங்கதான் போவேன். ஆறரை ஆனா குழாயத் திறந்து விட்டுட்டு நிப்பேன். சத்தம் கேக்காம இருக்க."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டீ குடிக்கும்போது மீசையிடம் கதையின் மீதியையும் சொன்னேன். சிரிப்பதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தான்.

"நாலு வருஷமா?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

மீதி டீயைத் தரையில் ஊற்றிவிட்டு வலை வாரப் போய்விட்டான். அது என் முறை. எங்கள் தொட்டிப் பக்கம் ஒருவன் தானாக எழுந்து போகிறான் என்றால், அவன் உட்கார்ந்திருந்த இடம் அதைவிட நாறுகிறது என்றுதான் அர்த்தம்.

ஏன் அடித்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே கேட்டுப் பார்த்தேன். கோபம் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் கோபமே இல்லை. வாத்தியார் சிரித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. உடனே நிறுத்தினால் மூன்று வாரமாக முட்டாள்தனம் செய்தேன் என்று உன் முன்னால் ஆகிவிடும். அதனால் நிறுத்தவில்லை. அப்புறம் பழகிவிட்டது. தினமும், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல். கை தப்பைத்தான் கற்றுக்கொள்ளும் என்று நீ எழுதியிருந்தாய்.

இன்னொன்றும் உண்டு. பகல் முழுக்க எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போவார்கள். அந்த அரை மணி நேரம் மட்டும் ஒரு ஆள் எனக்குப் பயந்து உட்கார்ந்திருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆளுக்குப் பத்து வயது. இதை எழுதும்போது என்மேல் எனக்கு வரும் குமட்டல், முப்பது வருடத்தில் அந்த வலையை வாரும்போதுகூட வந்ததில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் உன் தலையில் ஒரு வேலையைக் கட்டுகிற மாதிரி ஆகும். அதனால் செய்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

வாலுவை அனுப்ப வேண்டாம். நீ மாட்டேன் என்றதற்காகச் சொல்லவில்லை. நான் கேட்டிருக்கவே கூடாது. அவள் தப்பாக வாசிக்கும்போது பக்கத்தில் இருக்கிற என் கை ஒன்றும் செய்யாது என்றுதான் நினைக்கிறேன். என் நினைப்பை நம்பி ஒரு பிள்ளையை யாரும் அனுப்பக் கூடாது.

அவளைச் சிரிக்க வைத்ததை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. நீ சரி என்றால், தாத்தா சொன்னது பாதிதான், மீதி சிரிக்கிற கதை இல்லை என்று அவளிடம் சொல்கிறேன். வேண்டாம் என்றால் அவள் போன் செய்யும்போது உன் அம்மா மட்டும் பேசட்டும்.

அப்பா

*

மே 8

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

வாலுவிடம் மீதியை நானே சொல்லிவிட்டேன். பிறகு என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

வரும் புதன்கிழமை ஒரு பள்ளியில் தேர்வு நடத்த உங்கள் பக்கம் வருகிறேன். மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவேன், தனியாக. அம்மாவிடம் பேச வேண்டும். அந்த நாட்களில் சமையலறையில் தண்ணீர் போகும் சத்தம் எனக்குக் கேட்கும். பாத்திரம் கழுவுகிறாள், வேலையில் இருக்கிறாள், அதனால்தான் வரவில்லை என்று நாலு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அப்போது வீட்டில் இருக்க வேண்டாம்.

மகள்

*

மே 10

மகளுக்கு,

புதன்கிழமை எனக்குப் பகல் வேலைதான். ஐந்து மணிக்கு முடியும். நடந்தே வருகிறேன், வீட்டுக்கு வர ஐந்தே முக்கால் ஆகும்.

நீ வருவதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எதற்கு என்றும் சொன்னேன். கூடத்து நாற்காலிகளை எடுத்து எதிரெதிராகப் போட்டாள். பிறகு திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தாள். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் மறுபடி எதிரெதிராகப் போட்டிருக்கிறாள்.

நான் வரும்போது வாசலில் உன் செருப்பு கிடந்தால் உள்ளே வர மாட்டேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பார்ப்பேன். அப்போதும் கிடந்தால் இன்னொரு சுற்று. மருத்துவரும் என்னை நடக்கத்தான் சொல்லியிருக்கிறார். நிதானமாகப் பேசுங்கள்.

அப்பா