அரக்கக் குலத்துத் திருடி

ஜூன் 8, சனி

எங்கள் பகடைக் கதையாட்டத்துக்கான பட்டியல் முடிந்தது. எந்த இனத்துக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று ஒரே தாளில் எழுதிவிட்டேன். கூர்க்காது எல்ஃப் என்றால் வில்லாளி அல்லது மந்திரவாதி. குள்ளர் என்றால் வைத்தியர். அரக்கர் என்றால் கோடாரி வீரர், வேறு பேச்சே இல்லை. அரக்கர் ஒளிந்துகொள்ள இருபது முகப் பகடையை உருட்டினால் மூன்று புள்ளி கழியும். அதனால் திருடராக மட்டும் ஆகவே கூடாது.

"விளையாடத்தானேக்கா வர்றோம், பரீட்சை எழுதவா?" என்றான் எலக்ட்ரீஷியன். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் கூடுகிறோம். அவனும் கணக்கு டீச்சரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள், கதையை நடத்துவது நான். ரத்த வங்கியில் வேலை பார்க்கிறவள். பொருத்தம் பார்க்காமல் ஒரு பை ரத்தம்கூட வெளியே அனுப்பியதில்லை. மேசைக்கு வந்ததும் புத்தி மாறிவிடுமா?

அடுத்த வாரம் குட்டியும் வருகிறாள், என் கணவரின் தங்கை. மணவாழ்க்கை முறிந்து இங்கே வந்து பதினோரு மாதம் ஆகிறது. சாப்பிடவும் குளிக்கவும்தான் அறையை விட்டு வருவாள். "உன் ஆட்டத்துல அவளையும் சேத்துக்கோயேன். மனுஷங்க முகத்தையாவது பாக்கட்டும்" என்றார் அவர். கடைசியாகப் பிறந்ததால் குட்டி. உயரம் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.

ஜூன் 13, வியாழன்

குட்டியின் கதாபாத்திரத்தை எழுதினோம். இனம்: அரக்கி. சரி. தொழில்: திருடி. பட்டியலை எடுத்துக் காட்டினேன்.

"தெரியுது அண்ணி. எனக்கு இதான் வேணும்."

ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்று பென்சிலை என்னிடம் தந்துவிட்டு எழுந்தாள்.

அவள் உள்ளே போனதும் 'திருடி'யை ரப்பரால் அழித்துவிட்டு 'கோடாரி வீராங்கனை' என்று எழுதினேன். ஆட்டத்தில் முதல் நாளே மாட்டிக்கொண்டு செத்துப்போனால் மறுபடி அறைக்குள் புகுந்துகொள்வாள். அவள் நல்லதுக்குத்தான்.

ஜூன் 15, சனி

குட்டி தாளைப் பார்த்து, "மாறியிருக்கே?" என்றாள். ரூல் அப்படி என்று சொல்லிவிட்டேன். பொய். ரூல் மூன்று புள்ளி கழிக்கிறதே தவிரத் தடுக்கவில்லை.

கோட்டைக் கதவை உடைக்க வேண்டிய கட்டம். எலக்ட்ரீஷியன் குட்டியைப் பார்த்து, "எதுக்கு உடைக்கணும்? நீங்க போய் முன்னாடி நின்னாலே அது ஒதுங்கிடும்" என்றான். டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். குட்டியும்தான். பகடையில் பத்தொன்பது விழுந்து கதவு தூள்தூளானது. மொத்தத்தில் நல்ல ஆட்டம்.

ஜூன் 22, சனி

குட்டி வரவில்லை. தலைவலியாம்.

ஜூன் 23, ஞாயிறு

தலைவலி இல்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளே பேச ஆரம்பித்தாள்.

"எங்க போனாலும் முதல்ல என்னத்தான் பாப்பாங்க அண்ணி. பஸ்ல, கடையில, எல்லா எடத்துலயும். கட்டிக்கிட்டுப் போன வீட்லயும் வந்தவங்க போனவங்க எல்லாம் என்ன அவர் பக்கத்துல நிக்கவெச்சு அளந்து சிரிப்பாங்க. யார் கண்லயும் படாம ஒரு தடவ ஒரு எடத்துக்குள்ள போயிட்டு வரணும்னு ஆச. ஆட்டத்துலயாவது. ரூலே ஒத்துக்கலன்னா என்ன பண்றது, விடுங்க."

விட்டுவிட்டேன். ஆமாம், வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன். சொல்லித் தொலைச்சிருக்கலாமே! நான்தான் அழிச்சேன்னு சொல்ல என்ன கேடு எனக்கு? அன்னிக்கு வேற ஈன்னு பல்லக் காட்டிச் சிரிச்சிருக்கேன் — வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 26, புதன்

சொல்லிவிட்டேன். அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரூல் இல்ல குட்டி. நான்தான் மாத்தினேன்."

"எதுக்கு?"

"நீ தோத்துடக் கூடாதுன்னு."

"தோத்தா தோத்துட்டுப் போறேன். அதுக்கும் உங்களக் கேக்கணுமா?"

கத்தியை வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீதி வெங்காயத்தை நான் நறுக்கினேன். கண்ணெல்லாம் என்ன சிவப்பு என்று அவர் கேட்டதற்கு வெங்காயத்தைக் கைகாட்ட முடிந்தது.

ஜூன் 28, வெள்ளி

இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. மறுபடி உள்ளேயே இருந்துவிடுவாளோ? அப்படி ஆனால் நான்தான் காரணம்.

ஜூன் 29, சனி

மூன்று மணிக்குக் குட்டியின் அறைக் கதவு திறந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். புதுத் தாளைக் கொடுத்தேன். அரக்கி, திருடி. இந்த முறை பேனாவில் எழுதியிருந்தேன்.

"உனக்கு அந்த மூணு புள்ளியக் கழிக்கல" என்றேன்.

"கழிங்க அண்ணி. கழிச்சும் ஒளிஞ்சாத்தான் ஒளிஞ்ச மாதிரி."

கருவூலத்துக்குள் நுழையப் பன்னிரண்டு வேண்டும். பதினாலு விழுந்தது. மூன்று போகப் பதினொன்று. காவலன் பிடித்துவிட்டான். எலக்ட்ரீஷியன் ஏதோ சொல்ல வாயெடுக்க, டீச்சர் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தார். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. "ஐயோ, ஒரே ஒரு புள்ளி!" என்று குட்டி மேசையில் அடித்த அடியில் பகடைகள் கீழே உருண்டன. சிறையிலிருந்து நழுவ ஆறு முறை உருட்டினாள், ஆறும் வீண். ஏழாவது முறை இருபது விழுந்தது. இருபது விழுந்தால் புள்ளி கழிப்பதெல்லாம் செல்லாது. காவலனை உரசிக்கொண்டு நடந்துபோனாள், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நான் சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

ஜூலை 16, செவ்வாய்

குட்டியோடு சண்டை. குளியலறை வாளியில் துணியை ஊறப்போட்டு நான் நாள்கணக்கில் மறந்துவிடுகிறேனாம். "இந்த வீட்ல வேற யாரும் குளிக்க வேணாமா அண்ணி?" என்று ஆரம்பித்தாள். நான் ஒன்று சொல்ல, அவள் மூன்று சொன்னாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். கேட்கட்டும். அவர் ஓடிவந்து, "மெதுவா, மெதுவா" என்றார். "நீ சும்மா இருண்ணா" என்று அவளும், "நீங்க சும்மா இருங்க" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். இவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருப்பது ஒரு வருடமாக எனக்குத் தெரியாது.

வாளி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்று தொண்டை கட்டிவிட்டது.