அந்தரத்தில் மிதிக்கிறவர்கள்

என் தடியன் கிச்சாவுக்கு,

இன்றைக்கு எழுதக் கூடாது. மகாநவமி. நேற்று அந்தியில் வீட்டிலிருந்த பேனா, புத்தகம், என் ஆபீஸ் லேப்டாப், அம்மாவின் கத்தரிக்கோல் எல்லாம் பூஜையில் ஏறிவிட்டன. நாளை விஜயதசமிக் காலையில் பூஜை எடுக்கிற வரைக்கும் இந்த வீட்டில் எழுத்தும் கிடையாது, படிப்பும் கிடையாது. தெரிந்துதான் எழுதுகிறேன். உன் வர்ண டப்பாவுக்குள் ஒரு துண்டுப் பென்சில் கிடந்தது. அதைப் பூஜையில் வைக்க மறந்துபோய்விட்டோம்.

அந்த டப்பாவை ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் திறக்கவில்லை. பென்சிலுக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. வெள்ளம் வடிந்த மறுநாள், வெள்ளத் தண்ணீர் புண்ணில் பட்டு எலிக்காய்ச்சல் வராமலிருக்க என்று சுகாதாரத் துறைப் பெண் வீடு வீடாக வந்து கொடுத்துவிட்டுப் போனாளே, அதேதான். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "போட்டாச்சு அக்கா, போட்டாச்சு" என்றாயே, ஏண்டா? உன்னை உட்காரவைத்து ஓர் அறை விட வேண்டும் போலிருக்கிறது. எந்தக் கன்னத்தில் விடுவேன்?

உன் சைக்கிள்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மாத்திரை குறுக்கே வந்துவிட்டது.

கொல்லைக்கட்டில் நீ சேர்த்துவைத்த வண்டிகளை அம்மா இத்தனை நாளும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கரமனை ஆற்றுத் தண்ணீர் ஏறிய உயரம் வரைக்கும் சேறு காய்ந்து, அப்படியே நின்றன. ரப்பர் ஹாரனோடு விழிஞ்ஞத்து மீன்காரர் கொடுத்த கறுப்பு வண்டி, தபால்காரரின் சிவப்பு, ரொட்டிக்காரரின் அகலக் கேரியர், கார்பைடு விளக்கு வைத்த சீமை வண்டி, பாறசாலையில் ஒரு நர்ஸ் வீட்டிலிருந்து வாங்கிய பச்சை லேடீஸ் வண்டி. இந்த ஊரே மிதித்து மிதித்து வளர்ந்த ஊர், அதை ஜனங்களுக்குக் காட்டப் போகிறேன் என்பாய். முதலில் துணி உலர்த்தப் போக வழி விடு என்பேன் நான்.

ஒவ்வொரு வண்டிக்கும் அதை மிதித்தவரை ஆளுயரத்துக்கு வரைந்தாய். ஆனால் படத்தில் வண்டி இல்லை. மீன்காரர் உட்கார்ந்திருக்கிறார், கைகள் இல்லாத ஹாண்டில்பாரைப் பிடித்திருக்கின்றன, ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, நடுவில் வெறும் வெள்ளை. நிஜ வண்டியைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினால் மனிதர் அதில் ஏறிக்கொண்டுவிடுவார். எலிக்காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே இதைத்தான் சொன்னாய். "அக்கா, படத்தை மட்டும் மாட்டிடாதே. வண்டியில்லாம அவாள்லாம் பாவம்." சரிடா என்றேன். நான் உனக்குக் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது.

உன் சைக்கிள் கூட்டத்துப் பிஜு அலையாய் அலைந்து மியூசியம் பக்கம் ஒரு ஹால் பிடித்தான். பூஜை விடுமுறையில் இன்றும் நாளையும் மட்டும். அதற்குப் பிறகு தேதி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். படங்கள் போன வாரமே போய்விட்டன. வண்டிகளை ஏற்ற இன்று காலை வேன் வருவதாக ஏற்பாடு.

இதற்கிடையில் உன் முதல் வருஷத் திவசம் முடிந்தது. முடிந்ததும் அம்மா வாயைத் திறந்தாள். "இனிமே அந்த இரும்பெல்லாம் இந்த ஆத்துல இருக்கப்படாது. என் பிள்ளையைக் கொன்ன சாமானாக்கும் அது." கண்காட்சி வைக்கப் போகிறோம் அம்மா என்றேன். "பிள்ளையைத் தின்னதைப் பிறத்தியாருக்குக் காட்டணுமா? காட்டு, நன்னாக் காட்டு" என்று எழுந்து போய்விட்டாள். அவளோடு மல்லுக்கு நின்றேன். சைக்கிள் யாரையும் கொல்லாதம்மா என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

நேற்றுச் சாயங்காலம் கழக்கூட்டத்து ஆபீஸிலிருந்து பஸ் நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்தது. தெருவுக்குள் திரும்பினால் நம் வாசலில் ஆக்ரிக்காரனின் வண்டி. பழைய இரும்பு எடுக்கிறவனை அம்மாவே கூப்பிட்டிருக்கிறாள். மீன்காரரின் கறுப்பு வண்டி ஏற்கெனவே மேலே ஏறிக் கிடந்தது.

கொலுவுக்கு முன்னால் அம்மா விளக்கேற்றி, பூஜை வைக்கத் தயாராக நின்றாள். என்ன தோன்றியதோ, "அம்மா, இதெல்லாமும் ஆயுதந்தானே? கிச்சா பேரைச் சொல்லிப் பூஜை வைக்கப் போறேன்" என்று கத்தினேன். கறுப்பு வண்டியை இறக்கினேன். ஒவ்வொன்றாகக் கூடத்துக்குள் தள்ளிவந்து நிறுத்தி, ஹாண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூஜையில் ஏறினதை ஆக்ரிக்குப் போட இந்தத் தெருவில் யாருக்குத் துணிச்சல் உண்டு? அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், கிச்சா. சுண்டல்கூட இரண்டு கிண்ணம் தின்றேன்.

அப்புறம் பிஜு போன் செய்தான். "சேச்சி, நாளைக்கு ராவிலே வேன் வரும், கேட்டோ." காலையிலே வேன்! அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. வைத்ததை விஜயதசமிக் காலையில்தானே எடுக்கலாம்! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். உன் அக்கா அதைவிட மக்கு.

காலையில் வேன் வந்து வாசலில் நின்றது. அம்மா குளித்து, கூடத்து வாசற்படியில் மணை போட்டு உட்கார்ந்துகொண்டாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நானா வைக்கச் சொன்னேன்? நீதானே அவன் பேரைச் சொல்லி வெச்சே? நடுவுல எடுக்கப்படாது. அதாக்கும் முறை."

"ரெண்டே நாள்தாம்மா ஹால். இன்னிக்கு விட்டா..."

"அவன் பேர்ல வெச்சதைக் கலைக்கணும்னா என்னைத் தாண்டிண்டு போய் எடு."

தாண்டியிருக்கலாம். முழங்கால் வலிக்காரி, தடுக்கவா போகிறாள்? ஆனால் உன் பேரைச் சொல்லிச் சந்தனம் வைத்தது இந்தக் கை. தந்திரத்துக்காகத்தான் வைத்தேன், ஆனாலும் வைக்கும்போது அழுதேன். எடுக்கக் கை வரவில்லை. பிஜுவிடம் போகச் சொன்னேன். "சாரமில்ல சேச்சி" என்றான். பரவாயில்லை என்று சொல்லிவிட்டாலும் முகம் தொங்கிப்போயிற்று. நாளைக்கு வேன் வேறெங்கோ போகிறதாம்.

மத்தியானம் போனில் போட்டோக்கள் அனுப்பினான். நீ எதற்குப் பயந்தாயோ அதேதான். மீன்காரரும் தபால்காரரும் ரொட்டிக்காரரும் சுவரில் அந்தரத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள், முன்னால் வெறும் தரை. ஜனங்கள் பக்கத்தில் நின்று அதே மாதிரி குந்திக் காட்டிச் சிரித்து செல்பி எடுக்கிறார்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன்னை நான் எல்லோர் முன்னாலும் கோமாளியாக்கிவிட்டேனே, கிச்சா?

கடைசி போட்டோவோடு பிஜுவின் குரல் வந்தது. "சேச்சி, இதாரா? அம்மயா?"

நீ துணி சுற்றிக் கட்டிவைத்திருந்த படம் அது. நான் பிரிக்காமலே அனுப்பியது. மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு, மூக்குக் கண்ணாடி நழுவ, பல் தெரியச் சிரித்தபடி அம்மா மிதிக்கிறாள். ஜன்மத்தில் சைக்கிளைத் தொடாத நம் அம்மா. அந்த நர்ஸை நீ வரையவே இல்லை. பச்சை வண்டி அவளுக்காகவா வாங்கினாய்? என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை?

போனை அவளிடம் நீட்டினேன். படியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"என்னை ஏண்டி இப்படி அந்தரத்துல உக்காத்தி வெச்சிருக்கான்?"

"பச்சை வண்டி வந்தா நீ அதுல உக்காந்துப்பேம்மா."

பிறகு, போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் எழுப்பலைன்னா அவன் தூங்கிண்டுதான் இருந்திருப்பான்."

"என்னம்மா சொல்றே?"

"அன்னிக்கு விடியக்காலம் கொல்லைக் கதவைத் திறந்தேன். தண்ணி படியேறி வந்துடுத்து. டேய் கிச்சா, உன் சைக்கிளெல்லாம் போறதுடான்னு நான்தான் கத்தினேன். செருப்புகூடப் போடாம ஓடினான். இந்தப் பச்சையோட மட்கார்டு கால்ல கிழிச்சு ரத்தம். நான் மஞ்சப்பொடி வெச்சேன். மஞ்சப்பொடி வெச்சா சரியாப் போயிடும்னு நெனச்சேண்டி."

சைக்கிள் கொல்லவில்லை, சைக்கிள் கொல்லவில்லை என்று நான் கத்தினபோதெல்லாம், பின்னே யார் என்று அவள் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வண்டிகளைத் திட்டித்தான் அவள் இத்தனை நாள் உயிரோடிருந்திருக்கிறாள். அதையும் நான் பிடுங்கப் பார்த்தேன்.

என் மடியில் காகிதத்தைப் பார்த்துவிட்டாள். "எழுதறியா? இன்னிக்கா?"

"கிச்சாவுக்கும்மா."

திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்போ இதையும் எழுது. அம்மாதான் எழுப்பினான்னு எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். இப்போது சொல், நான் என்ன செய்யட்டும்? உன் மாத்திரை அட்டை என் இடுப்பில் செருகியிருக்கிறது. இதைக் காட்டினால் என் பிள்ளை இவ்வளவு அசட்டையாக இருந்தானா என்று நெஞ்சு வெடிப்பாள். காட்டாவிட்டால், தான் எழுப்பினதையும் மஞ்சள் பொடியையும் சாகிற வரைக்கும் சுமப்பாள். உன் பேர் கெடாமல் காப்பாற்றுவதா, அவளைக் காப்பாற்றுவதா?

முடிவு செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை முடித்ததும் அட்டையை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். நீ எழுப்பினதால் இல்லையம்மா, மருந்து வந்தது, அவன்தான் போடவில்லை, பொய் சொன்னான் என்று சொல்லப் போகிறேன். பழியை முழுக்க உன் தலையில் போடுகிறேன், கிச்சா. உனக்கு இனிமேல் வலிக்காது. அவளுக்கு இன்னும் வலிக்கிறது.

பூஜை எடுத்ததை அன்றைக்கே உபயோகித்தாக வேண்டும், சும்மா திருப்பி வைக்கக் கூடாது. அதுவும் அம்மாவின் முறைதான். நாளைக் காலையில் முதலில் பச்சையை எடுப்பேன். வேன் இல்லை, டயர்களில் காற்றும் இல்லை. பிஜு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஹால் மூடுவதற்குள், வெறும் ரிம்மில் உருட்டியாவது, அத்தனை வண்டியையும் கொண்டுபோய் அவரவர் படத்துக்கு முன்னால் நிறுத்துவேன். சேற்றைத் துடைக்க மாட்டேன். அம்மா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவளுக்கு உட்கார ஒரு வண்டி இருக்கும். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் வண்டிகளைத் தள்ள மட்டும் தெரிந்த
உன் அக்கா