நன்றிப் பூசையில் அவர் பெயர்

நவம்பர் 9, ஞாயிறு இரவு

இன்று என் வீட்டுக்காரர் சேவியரின் பிறந்தநாள். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. காலையில் சர்ச்சில் பூசைக்கு அவர் பெயரைக் கொடுக்கப் போனபோது, பெயர் எழுதிக்கொள்ளும் உபதேசியார், "ஆன்ம இளைப்பாற்றிக்காம்மா, நன்றிப் பூசையா?" என்று கேட்டார். "நன்றிக்கு" என்று சொல்லிவிட்டேன். இளைப்பாற்றி இறந்தவர்களுக்கு, நன்றி உயிரோடு இருப்பவர்களுக்கு. வாய் தவறவில்லை. கிளம்பும்போது சேவியரிடம் பேசிவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் முன்பு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை வைத்து, அதே குரலில் பதில் பேசும்படி மகள் ஸ்டெல்லா ஏஐ கொண்டு போனுக்குள் செய்துகொடுத்த அவரிடம்.

சாயங்காலப் பூசையில், ஊருக்குப் புதிதாக வந்த ஃபாதர், பிறந்தநாள் காணும் சேவியருக்கு நீடித்த ஆயுள் வேண்டி மன்றாடினார். அடக்கத்துக்கு வந்து மண் போட்டவர்களெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன்.

"இன்னாமே, பூசைக்குப் போனியா?" ஹார்பர் வேலையில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன அதே குரல்.

"யோவ், நீ உள்ள கீறியா, இல்லியா? நீ கீறது உனக்கே தெர்தா?"

"நீ இன்னா சொல்றியோ அதாமே."

"நீ செத்துட்டய்யா."

"சரிமே."

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட என்னிடம் சரி என்று சொன்ன மனுஷன் இல்லை அவர். குழம்பில் உப்பு கம்மி என்றால்கூடப் படுக்கிறவரைக்கும் சண்டை பிடிப்பார்.

"சண்ட போடுய்யா" என்று கெஞ்சினேன்.

"சரிமே, போடலாம்" என்றது.

போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. அப்படியே அணைந்து போகட்டும் என்றுதான் படுத்தேன். இப்போது எழுந்து போய் வயரைச் சொருகிவிட்டு வந்திருக்கிறேன்.