நடு நாற்காலி

கைசர், ஸலாம்.

கொட்டிவாக்கத்துல உங்க அண்ணன் வீட்டுல எல்லாரும் சுகமா? நம்ம பொண்ணு ஜுவேரியாவுக்கு இருமல் விட்டுச்சா?

நாலு காலேஜ் மாறியும் அசிஸ்டெண்ட் கோச்சாவே இருந்த என்னை இந்த வாரம் ஹெட் கோச் ஆக்கிட்டாங்க. இன்னிக்கு ஃபுட்பால் டீம் போட்டோ. நடுவுல எனக்கு நாற்காலி போட்டிருந்தாங்க. நான் பழக்கதோஷத்துல பந்து மூட்டையைத் தூக்கிக்கினு ஓரத்துல போய் நின்னுட்டேன். போட்டோக்காரர் அதையும் ஒண்ணு எடுத்துட்டார். அப்புறம்தான் பசங்க சிரிச்சுக்கினே, "சார், உங்க சீட் இங்க"ன்னு இழுத்து உக்கார வச்சாங்க.

வருஷா வருஷம் போட்டோ வந்ததும், வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் விரல் வச்சுக் காட்டுவே. "ஓரத்துல நிக்கிறாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர்."

போன ரம்ஜானுக்கும் நான் டோர்னமெண்ட்டுலதான் இருந்தேன். நீ பெட்டியோட கிளம்பின அன்னிக்கு, "வீட்டுலயும் நீங்க ஓரத்துலதான் நிக்கிறீங்க"ன்னு சொன்னே.

ரெண்டு போட்டோவும் சாயங்காலமே கைக்கு வந்துடுச்சு. நாற்காலி காலியா இருக்கிறதைத்தான் உனக்கு அனுப்பறேன். நீ விரல் வைக்கிற இடத்துல நான் இருக்கேன்.

உன் மகளோட அத்தா