துடைக்க எளிது: ஐந்துக்கு ஐந்து

திங்கட்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. புத்தியும் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால் உன் மனைவி பக்கத்தில் வந்து நிற்கிறாள். நிற்காவிட்டால், உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. அதனால் தபால்பெட்டி வரை நடந்து போய் நானே போடப்போகிறேன். இது நமக்குள் இருக்கட்டும்.

விஷயம் அந்த அடுப்பைப் பற்றியது. கடைக்கு அனுப்பும் முன் பன்னிரண்டு வீடுகளில் வைத்துப் பார்க்கிறோம், அதில் நம் வீடும் ஒன்று என்று நீ அனுப்பினாயே, உன் கையால் வரைந்த கருப்புக் கண்ணாடி மின் அடுப்பு. வந்து இரண்டு மாதம் ஆகிறது. பார்க்க அழகு, இல்லை என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டு இது அடுப்பா டிவியா என்று கேட்டாள். திருக ஒன்றும் கிடையாது, அழுத்த ஒன்றும் கிடையாது. முன் ஓரத்தில் நான்கு வட்டக் குறிகள். விரல் வைத்தால் எரியும், மறுபடி வைத்தால் அணையும். எரிகிறது என்பதற்கு அடையாளம், குறிக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு சிவப்புப் புள்ளி.

இந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை நான் அடுப்பை அணைக்க மறந்துவிட்டேனாம். நான் ஐந்து மணிக்குள் சமையலை முடித்து, அணைத்துவிட்டு, முன்னறைக்கு வந்துவிடுவேன். ஆறு மணிக்கு அவள் மருத்துவமனையிலிருந்து வருவாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து குரல் வரும்: "அத்தை, மறுபடியும் எரிய விட்டுட்டீங்களே." போய்ப் பார்த்தால் பாத்திரத்தின் அடி கருகிக் கிடக்கும். மூன்றாவது தடவைக்குப் பிறகு மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் திறந்து பார்த்துவிட்டு, "மிஷின்ல ஒரு குறையும் இல்லைங்க, பெரியவங்க மறந்திருப்பாங்க" என்று என் முன்னாலேயே அவளிடம் சொன்னான். எனக்கு அறுபத்து மூன்று வயது. அவன் தலையில் என்னைவிட நரை அதிகம்.

முப்பத்தொரு வருடம் ஸ்விட்ச் தொழிற்சாலையில் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்தவள் நான். ஒரு நாளைக்கு எண்ணூறு ஸ்விட்ச். கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டிப் பார்க்கச் சொல்வார்கள். விரலுக்கும் காதுக்கும் பதில் சொல்லாத ஸ்விட்ச் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். அப்படிப்பட்டவளுக்கு அணைத்தோமா இல்லையா என்று தெரியாதா? நான் அணைத்தேன்.

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபப்படாதே. சமையலறையை என்னிடமிருந்து வாங்க அவள் ஏதோ செய்கிறாள். போன வாரம், "நீங்க அடுப்புக்கிட்ட போகவே வேண்டாம் அத்தை, நான் வந்து சமைச்சுக்கறேன்" என்று தேன் ஒழுகச் சொன்னாள். நீயும் போனில் சிரித்தாய். நீ வேலை பார்க்கும் ஊரில் இதே அடுப்பு வைத்த இன்னொரு வீட்டிலும் ஒரு பெரியவர் இப்படித்தான் மறந்து மறந்து போகிறாராம், வயதானால் சகஜம் என்றாய். எவரோ ஒரு பெரியவர் மறந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடாதே.

எதையும் மறக்காத உன் அம்மா


வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

உன் பதில் வந்தது. நாலே வரி. "பரிசோதனைக் கூடத்தில் ஆயிரம் தடவை போட்டு அணைத்துப் பார்த்திருக்கிறோம், ஒருமுறைகூடத் தவறவில்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே" என்கிறாய். சரி. அடுப்பு தவறாது, உன் மனைவி தவற மாட்டாள், மிச்சம் இருப்பது நான்தான். கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது உனக்கு.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வருகிறேன். தினமும் அணைத்ததும், அணைத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லி, நேரத்தை நாட்காட்டியின் பின்பக்கம் குறித்துவைக்கிறேன். சிவப்புப் புள்ளி போய்விட்டதா என்று குனிந்து பார்க்கிறேன். அப்படியும் இந்தப் பத்து நாளில் இரண்டு தடவை எரிந்திருக்கிறது. இரண்டும் அவள் வீட்டுக்குள் வந்த பிறகுதான். அவள் வராத நேரத்தில் ஒருநாளும் எரிந்ததில்லை. இதற்கு உன் கூடத்தில் என்ன பெயர் வைப்பார்களோ தெரியாது, எங்கள் மேஜையில் இதைச் சந்தேகம் என்று சொல்ல மாட்டோம், நிச்சயம் என்போம்.

இன்னும் கேள். முன்பெல்லாம் சத்தம் போடுவாள். இப்போது அதுவும் இல்லை. அடுப்பு எரிவதைப் பார்த்தால் காதும் காதும் வைத்த மாதிரி அணைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறாள். வந்ததும் ஈரத்துணியால் அடுப்பைத் துடைக்கிறாள், நான் காலையில்தான் துடைத்தேன் என்றாலும் விடுவதில்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்ப்பவளுக்கு எதிலும் சுத்தம் வேண்டும், அது தெரிந்ததுதான். ஆனால் துடைத்த துணியை முன் ஓரத்திலேயே, சரியாக அந்தக் குறிகளின் மேல் விரித்துப் போடுகிறாள். ஏன்? சிவப்புப் புள்ளி என் கண்ணில் படக்கூடாது என்றுதானே?

உன் கம்பெனி அனுப்பிய கருத்துப் படிவத்தையும் அவளே நிரப்பி வைத்திருக்கிறாள். தோற்றம், ஐந்துக்கு ஐந்து. துடைக்க எளிது, ஐந்துக்கு ஐந்து. அணைத்த அடுப்பு அணைந்தபடி இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஊக்கு தேடி அவள் கைப்பையைத் திறந்தேன். ஊக்குதான் தேடினேன், நம்பு. உள்ளே ஒரு சீட்டு. ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரின் சீட்டு. வியாழக்கிழமை, நாலரை மணி. பெயர் எழுதிய இடம் மடிப்புக்குள் இருந்தது, பிரிப்பதற்குள் குளியலறைக் கதவு திறந்துவிட்டது. பெயரைப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா?

நீதான் ஏற்பாடு செய்யச் சொன்னாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. என்னைக் கடைக்குக் கூட்டிப் போவதுபோலக் கூட்டிப் போய் அங்கே உட்கார வைக்காதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தவள், நாலு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அணைந்துதான் இருந்தது. அப்படியும் ஐந்தாவது தடவை எழுந்தேன். ஒருவேளை அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன செய்வேன் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

வியாழக்கிழமைக்குள் பதில் போடு.

அம்மா


வியாழக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

உன் பதில் வரவில்லை. இனி அவசரமில்லை. நிதானமாக உட்கார்ந்து படி, இது நீளமான கடிதம்.

நேற்று சாயங்காலம் நான் முன்னறைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு அடுப்புக்கு நேராக உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்தாள், கை கழுவினாள், துணியை நனைத்தாள். பாத்திரத்தைத் தூக்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் துடைத்தாள். பாத்திரத்தைத் திரும்ப வைத்தாள். துணியை முன் ஓரத்தில் விரித்தாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். "கையும் களவுமாப் பிடிச்சுட்டேன், துணியை எடு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நானே எடுத்தேன். கீழே சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அவள் குறியைத் தொடவே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுடைய ஈரத்துணிதான் தொட்டது. உன் அடுப்புக்கு விரலுக்கும் ஈரத்துணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கத்துவாள், மறுப்பாள் என்று எதிர்பார்த்து நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா அத்தை?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அந்தச் சீட்டு அவள் பெயரில் இருக்கிறது. முதல் மூன்று தடவையும் நான்தான் மறந்தேன் என்று அவள் உண்மையாகவே நம்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் தையல்காரம்மா வீட்டிலேயே ஒரு பகல் முழுக்க இருந்தேன், அன்று இவள் மட்டும்தான் வீட்டில். காலையிலிருந்து யாரும் அடுப்பைத் தொடவில்லை. அப்படியும் எரிந்திருக்கிறது. அன்றிலிருந்து தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம். அதனால்தான் சத்தம் நின்றது, அதனால்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைப் போட்டதே ஞாபகமில்லாதவள், மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மருத்துவமனையில் ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் மூன்று தடவை படித்திருக்கிறாள். வேலையை விடுகிறேன் என்று எழுதியே வைத்துவிட்டாள். அந்தக் கடிதமும் அதே கைப்பையில்தான் இருந்ததாம். ஊக்கு தேடியவள் இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாம்.

நான் அவளைப் பற்றி உனக்கு இரண்டு கடிதம் எழுதியதைச் சொல்லிவிட்டேன். வாய் வரை வந்ததை விழுங்க முடியவில்லை. "தெரியும் அத்தை, தபால்தலை என் டிராயர்லதானே எடுத்தீங்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தோம். சிரித்தாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளும் கேட்டாள்.

இன்று நாலரைக்கு டாக்டரிடம் போகவில்லை. அந்த நேரத்தில் அடுப்புக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருபது தடவை துடைத்துப் பார்த்தோம். நான் எண்ண, அவள் எழுதினாள். இருபதில் ஒன்பது தடவை எரிந்தது. ஒன்பதிலும் ஒரு சத்தம் கிடையாது. என் மேஜைக்கு இப்படி வந்திருந்தால் முழுப்பெட்டியையும் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆயிரம் தடவை போட்டு அணைத்துப் பார்த்தோம் என்றாயே, ஒரு தடவையாவது துடைத்துப் பார்த்தீர்களா? அந்தக் கூடத்தில் அடுப்பைத் துடைக்கிறவர் யாருமே இல்லையா?

நீ முதலில் வரைந்த படம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. இதே மேஜையில் உட்கார்ந்துதான் வரைந்தாய். அதில் திருகுகிற குமிழ் நான்கு இருந்தது, திருகினால் டக்கென்று நிற்கும் என்று எனக்கு வாயால் சத்தம் போட்டுக் காட்டினாய். பிறகு குமிழைச் சுற்றி அழுக்குச் சேரும், துடைக்கக் கஷ்டம் என்று உன் மேலதிகாரி எடுக்கச் சொன்னதாகச் சொன்னாய். துடைக்கக் கஷ்டம் என்று எடுத்தீர்கள், துடைக்கும்போதே எரிகிறது. எரிகிறதா அணைந்ததா என்று கைக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரியவில்லை, பாத்திரமும் துணியும் மறைத்தால் கண்ணுக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு பொருளை வீட்டுக்குள் வைத்தால், வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்படாமல் வேறு என்ன செய்வார்கள்?

உன் மனைவி இதை இப்போது எழுத வேண்டாம் என்றாள். அடுத்த மாதம் கடைக்கு வரப்போகிறது, எல்லோரும் உன்னைப் பாராட்டுகிற நேரம், "பாவம் அத்தை, அவர் மனசு ஒடஞ்சு போயிடும்" என்றாள். அவளுக்கு உன் மேல் அவ்வளவு பிரியம். எனக்கும் பிரியம்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது, ஒன்று மட்டும் தீரவில்லை. அது உன்னைப் பற்றியது. இது இப்படி எரியும் என்று உனக்குத் தெரியாமல் போயிற்றா, தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையா? இதற்கு நாலு வரி பதில் போதாது.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். துடைக்க எளிது என்பதற்கு அவள் போட்ட ஐந்தை நான் அடிக்கவில்லை, துடைக்க எளிதுதான். அதன் பின்பக்கம் இருபது தடவையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உன் மேலதிகாரியின் மேஜையில் நீயே கொண்டுபோய் வை. திட்டினால் வாங்கிக்கொள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போனில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, மறந்து மறந்து போகிற அந்தப் பெரியவர். அவர் வீட்டில் அடுப்பைத் துடைப்பது யார் என்று யாராவது கேட்டீர்களா? அவர் ஸ்விட்ச் தொழிற்சாலையில் இருந்தவராக இருக்க மாட்டார். நாட்காட்டியின் பின்னால் எழுதிவைக்கவும் அவருக்குத் தோன்றியிருக்காது. வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களே, மறந்துதான் போயிருப்போம் என்று ஒத்துக்கொண்டு எங்கேயாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

கண்ணா, நீ நன்றாக இருக்க வேண்டும். நீ செய்த பொருள் இருக்கிற வீடுகளும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போ. வேறு யாரையும் அனுப்பாதே. "ஐயா, நீங்க அணைச்சுட்டுத்தான் போனீங்க" என்று சொல். அவருடைய பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், அவர்கள் காதிலும் விழும்படி சொல்.

அம்மாவும் உன் மனைவியும்